ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு எது காவல்?

பஜாஜ் சேத்தக்கும் லாம்ப்ரெட்டாவும் ஓடிய காலத்தில், ஸ்கூட்டர்காரர்கள் ஒரு விஷயத்தில் கார்காரர்களுக்குச் சமமாக இருந்தார்கள். வண்டியோடு ஒரு ஸ்டெப்னி இருக்கும். பஞ்சர் ஆனால் வண்டியை ஓரங்கட்டி, சாய்த்துப் போட்டு, நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பைக்குக்கு அந்த வசதி இருந்ததில்லை. இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. திருச்சியில் கொள்ளிடம் பாலத்தின் நடுவே பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டால் நம்பர் ஒன் டோல்கேட் பக்கமோ திருவானைக்காவல் பக்கமோ தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. அது கூட வண்டி கீழே விழாமல் நின்றிருந்தால்தான். பின்னால் மனைவியும் டேங்க் மேல் குழந்தையுமாகப் போகும்போது காற்று இறங்கினால், தள்ளுவதைப் பற்றிய கவலை அப்புறம்தான் வரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. காற்று குறைவதை முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கும்போது உபரிச் சக்கரத்தைச் சுமப்பானேன் என்பது அதிலுள்ள நியாயம். சரியான நியாயம்தான். அப்படியானால், ஸ்டெப்னியே இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் பைக்குக்கு அல்லவா அந்தக் கருவி முதலில் வந்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். பைக்குகளை அங்கேயும் விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அத்தனை சாவுக்கும் டயர் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாலில் ஒரு டயரில் காற்று போன காரையும், இரண்டில் ஒன்றில் காற்று போன பைக்கையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு எது ஆபத்து என்று தெரியும்.

தமிழ்நாட்டிலேயே தயாராகும் வண்டிகளில் இது மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் மூன்றாம் தலைமுறை 2022 ஜூலையில் வந்தபோது, கூடுதல் பணம் கட்டினால் டயர் சென்சார் கிடைத்தது. 2023 செப்டம்பரில் டி.வி.எஸ். வெளியிட்ட அப்பாச்சி ஆர்டிஆர் 310-லும் அப்படித்தான், விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளும் கிட்டில் ஒரு பகுதி. மற்ற பைக் வைத்திருப்பவர்கள் கடையில் தனியாக ஒரு கிட் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் திரை, உள்ளே சென்சார் வைத்த இரண்டு வால்வு மூடிகள். அவ்வளவுதான் பொருள். கிட் கைக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

"நாளைக்குக் காலையில வா"

திருவானைக்காவல் டிரங்க் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. கம்ப்ரெசர், தண்ணீர் தொட்டி, சுவரோரம் அடுக்கிய பழைய டயர்கள். மதிய நேரம். கொண்டையம்பேட்டை இளைஞர் ஒருவர் 150 சிசி பைக்கை நிறுத்திவிட்டு, கிட் டப்பாவைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, இதை மாட்டி, பேர் பண்ணிக் குடுங்க."

கடைக்காரர் டப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து பின்டயரின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எங்கேர்ந்து வர்ற தம்பி?"

"சமயபுரம் போயிட்டு வர்றேண்ணே."

"டயர் கொதிக்குது. இப்ப மாட்டினா இது தப்பாத்தான் சொல்லும். நாளைக்குக் காலையில வீட்லேர்ந்து நேரா இங்க வா. வேற எங்கயும் போகாத."

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிய அந்த மனிதர், இந்தக் கருவியின் பாதி இலக்கணத்தைச் சொல்லிவிட்டார். சென்சாரையும் திரையையும் இணைப்பது, அதாவது பேர் செய்வது, ஐந்து நிமிட வேலை. எந்த அளவை நடுநிலை என்று அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய வேலை.

திருச்சி வெயிலை வைத்தே கணக்குப் போடலாம். விடியற்காலை 27 டிகிரியில் பின்டயரில் 28 பாயிண்ட், அதாவது 28 பி.எஸ்.ஐ., காற்று அடிக்கிறோம். கேஜ் காட்டும் 28 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ளது மட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே இருப்பது 42.7. நடுப்பகலில் கொதிக்கும் தார்ச்சாலையில் இருவரை ஏற்றிக்கொண்டு விரைந்தால் டயருக்குள் இருக்கும் காற்று 65 டிகிரி வரை சூடாகலாம். சூட்டுக்கு ஏற்ப அழுத்தம் ஏறும், 42.7 என்பது 48.1 ஆகும். திரையில் 33-க்கு மேல் காட்டும். யாரும் காற்று அடிக்கவில்லை. டயரில் கோளாறும் இல்லை. வெயிலும் ஓட்டமும் சேர்ந்து ஏற்றிய ஐந்து பாயிண்ட் அது.

இதை அறியாதவர் என்ன செய்வார்? "அதிகமாக இருக்கிறதே" என்று வால்வு பின்னை அழுத்தி 28-க்கு இறக்குவார். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அதே சக்கரத்தில் இருப்பது 23 பாயிண்ட்தான். குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கி நிமிரும். அதனாலேயே இன்னும் சூடாகும். மதியம் பங்கில் சூடான டயருக்கு "28 வைங்க" என்று சொல்லிக் காற்று பிடிப்பவர்களும் தினமும் இதைத்தான் செய்கிறார்கள். நைட்ரஜன் அடித்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை. சூட்டுக்கு அதுவும் விரியும்.

பி.எம்.டபிள்யூ. தன் பைக்குகளில் வைக்கும் ஆர்.டி.சி. என்ற அமைப்பு இந்தச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்கிறது. டயருக்குள் இருக்கும் சூட்டையும் அளந்து, 20 டிகிரியில் அழுத்தம் எவ்வளவு இருந்திருக்குமோ அந்த எண்ணைத் திரையில் காட்டும். நாம் கடையில் வாங்கும் மூடி சென்சார்களில் பெரும்பாலானவை உள்ளே இருப்பதை இருக்கிறபடி காட்டுபவை. கூட்டிக் கழிப்பது ஓட்டுபவர் பொறுப்பு.

தூங்கும் சென்சாரை எழுப்புவது

மறுநாள் காலை அந்த இளைஞர் வந்தார். கடைக்காரர் முதலில் செய்தது, பைக்கின் ஸ்டிக்கரைத் தேடியது. செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் பக்கம் ஒட்டியிருக்கும். முன்சக்கரத்துக்கு ஒரு எண், பின்சக்கரத்துக்குத் தனியாள் என்றால் ஓர் எண், இருவர் என்றால் இன்னோர் எண். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணை வைத்துக் காற்று அடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்சம். இந்த வண்டிக்கு முன்னால் 25, பின்னால் 28. கையில் இருந்த கேஜால் இரண்டு சக்கரத்தையும் பார்த்து, குறைந்ததை நிரப்பி, பிறகுதான் திரையைக் கையில் எடுத்தார்.

பொத்தானை அழுத்திப் பிடித்தார். பீப் ஒலித்து முன்சக்கரப் படம் மினுக்கியது. 'எஃப்' எழுத்து போட்ட மூடியை முன்வால்வில் திருகினார். "புஸ்" என்ற மெல்லிய சத்தம் வந்து நின்றது. திரை ஒரு கணம் யோசித்ததுபோல் காலியாக இருந்து, மீண்டும் ஒலித்தது. 25. அதன் பிறகே 'ஆர்' மூடியை டப்பாவிலிருந்து எடுத்தார். ஏன் ஒவ்வொன்றாக என்று கேட்டதற்கு, "ரெண்டையும் ஒண்ணா மாட்டினா எது எதுன்னு அதுக்குக் குழம்பிப் போயிரும்" என்றார்.

உள்ளே நடப்பது இதுதான். டப்பாவில் இருக்கும்போது சென்சார் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்குகிறது. வால்வில் திருகியதும் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. அதுவே அதற்கு எழுப்பு மணி. விழித்ததும் தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் ரேடியோ அலையில் ஒலிபரப்புகிறது. அலைவரிசை பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், கைப்பேசியோடு பேசும் வகை என்றால் புளூடூத். கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் திரை, அப்போது காதில் விழும் எண்ணை "இதுதான் முன்சக்கரம்" என்று எழுதிக்கொள்கிறது. அடுத்து வருவது பின்சக்கரம். இணைப்பு என்பது இவ்வளவே. கடவுச்சொல் கிடையாது, கைகுலுக்கலும் கிடையாது. 2010-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ், தெற்கு கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார் சென்சார்கள் பேசுவதை 40 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்க முடியும் என்றும், பொய்யான எச்சரிக்கையைக் காருக்குள் அனுப்ப முடியும் என்றும் செய்து காட்டினார்கள். அதனால் பேர் செய்யும் வேலையைக் கோயில் வாசல் பார்க்கிங்கில், பத்துக் கார்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளாதீர்கள். அதே கிட் வாங்கிய நண்பரும் பக்கத்தில் நின்று தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டிருந்தால், அவருடைய டயர் உங்கள் திரையில் ஏறிவிடக்கூடும்.

இணைத்த பின் ஒரு சோதனை அவசியம். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். திரையில் பின்சக்கரம்தான் அலற வேண்டும். முன்சக்கரம் அலறினால் மாறிப்போயிருக்கிறது. நெடுஞ்சாலையில் இந்தக் குழப்பம் உயிருக்கே வினை. முன்சக்கரத்தில் காற்று இறங்குவதும் பின்சக்கரத்தில் இறங்குவதும் வேறு வேறு விதமாக வண்டியை இழுக்கும். எந்த பிரேக்கை மென்மையாகப் பிடிப்பது என்பது அதைப் பொறுத்தது.

டயருக்குள், ரிம்மோடு பொருத்தும் சென்சார் வேறு ஜாதி. அது தொழிற்சாலையிலிருந்து ஆழ்ந்த தூக்கத்தில் வருகிறது. சில வகைகள் சக்கரம் உருளும்போது உள்ளிருக்கும் அசைவுமானி உணர்ந்து விழிக்கும். அதனால்தான் வண்டி நிற்கும்போது திரையில் எண்ணுக்குப் பதில் கோடுகள் தெரிகின்றன, பழுது என்று பயப்பட வேண்டாம். சில வகைகளை எழுப்ப 125 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பும் கைக்கருவி வேண்டும். அதை டயரின் பக்கச்சுவரில், வால்வுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்துவார்கள். உள் சென்சாரை மாட்டக் கொடுக்கும்போது ஒரு காரியத்தை மறக்கக் கூடாது: அதன் உடம்பில் அச்சடித்திருக்கும் அடையாள எண்ணை, டயரைப் பூட்டும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியின் கணினியில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டி வந்தால், டயரைப் பிரிக்காமல் அதைப் படிக்க முடியாது.

எச்சரிக்கை எல்லை வைப்பதிலும் நம் ஊர் வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த எல்லையாக, காலை அளவிலிருந்து 15 சதவீதம் கீழே வைப்பது என் பரிந்துரை. 28 என்றால் 24. மேல் எல்லையை 32 என்று வைத்தால் சித்திரை வெயிலில் சமயபுரம் போய்ச் சேரும் வரை அலறும். இரண்டு முறை காரணமில்லாமல் அலறிய கருவியை மூன்றாம் முறை யார் மதிப்பார்கள்? 37, 38 என்று விடுவது நல்லது. மதியம் 25 என்று காட்டினால் அது எல்லைக்கு மேலே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சூட்டில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 என்றால் காற்று எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

வால்வு என்கிற ஏழை

இந்தக் கிட்டுகளின் விளம்பரம் சொல்லாத ஒரு பகுதி உண்டு. மூடி சென்சார் வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்து வைத்திருக்கிறது. அப்போதுதான் அதனால் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அறிய முடியும். ஆக, அதுவரை காற்றைக் காத்த வால்வு இப்போது திறந்த கதவு. காவல், மூடிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் மட்டுமே. திருகி முடித்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் திருகுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் அந்த மூடி வேண்டாம்.

எடை இன்னொரு சங்கதி. ஒரு மூடி சென்சார் 10 கிராம் அளவில் இருக்கும். கையில் வைத்தால் ஒன்றுமே இல்லை. 17 அங்குலச் சக்கரத்தில், அச்சிலிருந்து ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் தள்ளி அது சுழல்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வால்வை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஒரு கிலோ எடைக்கும் அதிகம். 100-ல் ஒன்றே முக்கால் கிலோ. டியூப்லெஸ் சக்கரங்களில் இருக்கும் ரப்பர் வால்வு இந்த இழுப்பில் நாள்தோறும் வளைந்து நிமிர்ந்து, அடிப்பகுதியில் விரிசல் விடும். எச்சரிக்கை தருவதற்கென்று மாட்டிய பொருளே காற்று போகக் காரணமாவதா? நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வுக்கு மாற்றிவிட்டு மாட்டுங்கள். டயர் மாற்றும்போது சேர்த்துச் செய்தால் செலவு மிகக் குறைவு. டியூப் போட்ட ஸ்போக் சக்கரங்களில் வால்வுத் தண்டு ஏற்கெனவே உலோகம்தான் என்பது ஒரு நிம்மதி. அங்கே ஆபத்து வேறு வடிவில் வரும்: காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி நகரும், டியூபும் கூடவே நகர்ந்து வால்வு அடியோடு பிடுங்கிக்கொள்ளும். ஆகவே டியூப் வண்டிக்குத்தான் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை.

முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால், மூடி மாட்டிய பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பரில் உரசுவதாக இருந்தால் ஓட்டவே கூடாது.

நாம் மூடியைத் திருகும் இந்த வால்வுக்கு 1893-ல் நியூயார்க்கின் ஷ்ரேடர் நிறுவனம் காப்புரிமை பெற்றது. காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் 1888-ல் பதிவு செய்த ஐந்தே ஆண்டுகளில். இன்றும் பைக், கார், லாரி எல்லாவற்றிலும் அதே திருகு. அந்த ஷ்ரேடர் பெயரிலேயே பிற்காலத்தில் பெல்ஃபாஸ்டுக்குப் பக்கத்து ஆன்ட்ரிமிலிருந்து கோடிக்கணக்கில் டயர் சென்சார்கள் உலகுக்குப் போயின. வால்வு செய்தவர்களுக்கே அதன் பலவீனமும் நன்றாகத் தெரிந்திருந்தது போலும்.

இந்தக் கருவி தன் விலையை மீட்டுத் தருவது எங்கே என்று கேட்டால், நெடுஞ்சாலையைவிடக் கல்லணை சாலையைத்தான் காட்டுவேன். திருவானைக்காவலிலிருந்து காவிரிக் கரையோரம் உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகும் பாதை. இப்படிப்பட்ட கரையோரச் சாலைகளில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆணி குத்தினால் சில சமயம் உடனே தெரியும். முள் அப்படியல்ல. டியூப்லெஸ் டயரில் ஏறி, உள்ளேயே முறிந்து, தானே அடைப்பாக நின்றுவிடும். காற்று கசிகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் 28, மறுநாள் 27, அடுத்து 25. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பவருக்கும் உதைத்துப் பார்ப்பவருக்கும் 28-க்கும் 23-க்கும் வித்தியாசம் பிடிபடாது. தினமும் காலையில் சாவி போட்டதும் திரையைப் பார்க்கிறவருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிடும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தானாகக் குறையும். இரண்டு நாளில் குறைந்தால் அது முள்தான்.

பிறகு டிரங்க் ரோட்டுக் கடையின் தண்ணீர் தொட்டிக்குப் போக வேண்டியதுதான். சென்சார் எவ்வளவு போகிறது என்று சொல்லும், எங்கே போகிறது என்று சொல்லாது. குமிழ் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடும் வேலை இன்னும் அந்தக் கடைக்காரருடையது. அவரிடம் சக்கரத்தைக் கொடுக்கும்போது, உள்ளே சென்சார் இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். டயரை நெம்பும் லீவர் வால்வுப் பக்கம் இறங்கினால் சென்சார் உடைந்துவிடும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் தப்பிக்கும். பஞ்சரைத் தடுக்க என்று ஊற்றும் ஜெல்லும் உள் சென்சாரின் சிறு துளையை அடைத்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூடி சென்சாரின் பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 1632 என்ற பட்டன் பேட்டரி. கடையில் வாங்கி நாமே மாற்றலாம். மாற்றிய பின் சில கிட்டுகள் பழைய இணைப்பை நினைவில் வைத்திருக்கும், சிலவற்றை மறுபடி பேர் செய்ய வேண்டும். உள் சென்சாரில் பேட்டரியைப் பிசின் ஊற்றிப் பொதிந்திருப்பார்கள். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். தேய்ந்த டயரையும் வயதான டயரையும் எந்த சென்சாரும் கண்டுபிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் செய்தது. அதைக் குனிந்துதான் படிக்க வேண்டும்.

இன்றைக்கு இந்தக் கருவி, இரண்டு மூன்று லட்சம் கொடுத்து வண்டி வாங்குபவரின் விருப்பப் பட்டியலில் இருக்கிறது. அவருடைய டயர் புதியது, அகலமானது, அவர் பெரும்பாலும் தனியாகப் போகிறார். காந்தி மார்க்கெட்டிலிருந்து இரண்டு மூட்டை காய்கறி ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் ஏறும் 100 சிசி பைக்கில்தான் பின்டயர் உயிரைக் கொடுத்துச் சுமக்கிறது. அந்த வண்டியைச் செய்யும் நிறுவனங்கள் உலோக வால்வையாவது தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பலாம். ஸ்பீடோமீட்டர் திரையில் இரண்டு எண்களுக்கு இடம் விட்டு வைக்கலாம். சென்சாரை எப்போது வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ள வழி பிறக்கும். அமைச்சகமும், காருக்கு 2020-ல் எழுதிய விதியில் பைக்கையும் சேர்க்க வேண்டும். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் பைக் மெக்கானிக் வேலை படிக்கும் பிள்ளைகளுக்கு சென்சாரை எழுப்புவதையும் இணைப்பதையும் ஒரு பாடமாகவே வைக்கலாம். டிரங்க் ரோட்டுக் கடைக்காரர் செய்ததுபோல, அதற்கு முன்னால் டயரின் மேல் கையை வைத்துப் பார்ப்பதையும்.